தீர்ப்பும் தண்ணீரும்: கேள்வி – பதில்

சட்டம் படிக்கிறேன். அரசியல் சட்ட வகுப்பில் ஜெர்மனி, ஸ்ட்ராஸ்பர்க் என்று ஐரோப்பியத் தீர்ப்புகளாக அடுக்குகிறார்கள். நம்ம ஊர் வயலுக்கும் அதற்கும் என்னங்க சம்பந்தம்?
– மாணவி, வல்லம்

சம்பந்தம் தண்ணீரில்தான் தொடங்குகிறது, அம்மா. தலைமடைக்காரர் எவ்வளவு எடுக்கலாம், கடைமடைக்காரருக்கு எவ்வளவு விட வேண்டும் என்ற வழக்கு காவிரிக்கு மட்டும் வந்ததல்ல. டான்யூப் நதிக்கும் வந்திருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவரைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வைப்பது எப்படி என்ற கேள்வி எல்லா நாட்டுக்கும் பொது. அடுத்தவர் கண்ட விடையையும் படித்தால்தான் நம் விடையின் பலமும் ஓட்டையும் தெரியும்.

டான்யூப் வழக்கா? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
– விவசாயி, திருவையாறு

டான்யூப் பிறந்து கொஞ்ச தூரம் ஓடியதும், அன்றைய பாடன் மாநிலத்தில் இம்மெண்டிங்கன் என்ற ஊரருகே, சுண்ணாம்புப் பாறை இடுக்குகளுக்குள் இறங்கிவிடுகிறது. வருடத்தில் பல நாள் படுகை காய்ந்து கிடக்கும். நம் கொள்ளிடத்தைக் கோடையில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். இறங்கிய தண்ணீர் சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் என்ற இடத்தில் பெரிய ஊற்றாகக் கிளம்பி ரைன் நதியில் போய்ச் சேருகிறது.

கீழே இருந்த வூர்ட்டம்பர்க் மாநிலம் தன் ஆறு களவு போவதாக வழக்குப் போட்டது. பிரஷ்யாவும் அதன் பக்கம் சேர்ந்துகொண்டது. 1927 ஜூன் 18-ல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இயற்கையாக இறங்கும் தண்ணீருக்கு யாரும் குற்றவாளி இல்லை. ஆனால் பாடன் செயற்கையாக அதைக் கூட்டக் கூடாது, வூர்ட்டம்பர்க் செயற்கையாக அதைத் தடுக்கவும் கூடாது. என் எல்லைக்குள் நான் வைத்ததே சட்டம் என்று எந்த மாநிலமும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம்.

காவிரி வழக்கை நடுவர் மன்றம் வரை கொண்டுபோனது அரசா, கட்சிகளா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

விவசாயிகள். 1971-ல் தமிழக அரசு போட்ட வழக்கு மறு வருடமே திரும்பப் பெறப்பட்டது. 1983-ல் தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் உச்ச நீதிமன்றப் படியேறியது. ஏழு வருடம் காத்திருந்தார்கள். 1990 மே 4-ல், ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமையுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவு வந்தது. ஜூன் 2-ல் மன்றம் அமைந்தது. இன்று சட்டக் கல்லூரிகளில் படிக்கும் அந்த வழக்கின் பெயரே நம் விவசாயிகளின் சங்கப் பெயர்தான். டெல்டாக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

ஒரு மாநிலம் அவசரச் சட்டம் போட்டு மன்றத்தின் உத்தரவை மீற முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

முயன்று பார்த்தார்கள், முடியவில்லை. 1991 ஜூன் 25-ல் நடுவர் மன்றம் வருடத்துக்கு 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் அதற்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22-ல் பதில் வந்தது: அந்த அவசரச் சட்டம் செல்லாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக யாரும் உட்கார முடியாது. அந்த மாநிலத்துக்குச் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். நாளை நாம் தவறினாலும் இதே விதி.

ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்துமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

கட்டுப்படுத்தாது. நல்ல காரணம் சொல்லியிருந்தால் நம் நீதிபதிகள் எடுத்தாள்வார்கள், அவ்வளவே.

ஸ்ட்ராஸ்பர்க், லக்சம்பர்க் இரண்டும் ஒரே நீதிமன்றமா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், திருவாரூர்

இல்லை. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 46 நாடுகளுக்கானது. லக்சம்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், 27 நாடுகளுக்கானது. இவை தவிர ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் அரசியல் சட்டத்துக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. நமக்குத் தனி மன்றம் கிடையாது. வாய்க்கால் தகராறின் மேல்முறையீட்டையும் அரசியல் சட்டத்தையும் ஒரே உச்ச நீதிமன்றம்தான் விசாரிக்கிறது. அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் பெரிய கேள்வி என்றால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் உட்கார வேண்டும்.

நம் அரசியல் சட்டத்தின் 'அடிப்படைக் கட்டமைப்பு' ஜெர்மனியிலிருந்து வந்தது என்கிறார்களே?
– வழக்கறிஞர், மயிலாடுதுறை

விதை அங்கிருந்து வந்தது, விளைந்தது இங்கே. ஹிட்லர் காலத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, சில அடிப்படைகளை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று ஜெர்மானியர் தங்கள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மன் அறிஞர் 1965-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பேசினார். அந்த வாதத்தை எம்.கே. நம்பியார் கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1973 ஏப்ரல் 24-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் அதை நிலைநாட்டினார்கள். நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரி எழுதப்படவில்லை. நீதிபதிகள் அதை உள்ளிருந்து கண்டெடுத்தார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இன்று நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

இறால் பண்ணையால் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், நாகை மாவட்டம்

உங்கள் மாவட்டத்தில் உழைத்த காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் போனவர். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் உத்தரவானது. கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளைத்தான் நீதிபதிகள் கையில் எடுத்தார்கள். முதல் கோட்பாட்டின் வேர் ஜெர்மன் சுற்றுச்சூழல் சட்டத்தில் இருக்கிறது. அதே வருடம் ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருந்தன.

பின்னர் 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பண்ணைகளுக்கு மறுபடி வழிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கோட்பாடுகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மனுக் கொடுங்கள்.

கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமும் போனது. காலநிலை மாற்றத்துக்கெல்லாம் நீதிமன்றத்தில் நியாயம் கிடைக்குமா?
– தென்னை விவசாயி, பேராவூரணி

கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 9-ல், சுவிட்சர்லாந்தின் மூதாட்டிகள் சங்கம் ஒன்று தங்கள் அரசுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பர்க்கில் வென்றது. வெயில் அலையில் முதலில் சாவது எங்களைப் போன்ற வயதானவர்கள் என்பது அவர்கள் வாதம். அதற்குச் சில வாரங்கள் முன்னால், மார்ச் 21-ல், காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விழுந்த தென்னை எழாது, ஐயா. அடுத்த புயலுக்கு முன் அரசு என்ன ஏற்பாடு செய்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு வந்திருக்கிறது.

தஞ்சாவூர்க்காரர் ரிட் மனுப் போட எங்கே போக வேண்டும்?
– வாசகர், பாபநாசம்

மதுரைக்கு. 2004 ஜூலையிலிருந்து தஞ்சை மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குள் வருகிறது. திருவாரூர், நாகை மாவட்டத்தினர் சென்னைக்குப் போக வேண்டும். வாய்க்கால் ஒன்றாக இருந்தாலும் வழக்கு மன்றம் வேறு.

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பால் நமக்கு லாபமா, நஷ்டமா? தீர்ப்பு வாங்கி என்ன பயன், கடைமடைக்குத் தண்ணீர் வந்தால்தானே?
– கடைமடை விவசாயி, வேதாரண்யம் வட்டம்

அளவில் நஷ்டம். மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. நம் நிலத்தடி நீரைக் கணக்கில் வைத்து 10, பெங்களூரு குடிநீருக்கென்று 4.75. கொள்கையில் லாபம். காவிரி எந்த ஒரு மாநிலத்தின் சொத்தும் அல்ல என்று உறுதியானது. நியாயமான பங்கு என்ற அளவுகோலுக்கு, 1966-ல் ஹெல்சிங்கியில் வகுத்த சர்வதேச நதிநீர் விதிகளையும் நீதிபதிகள் துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என் மனதில் இருப்பதும். முறைத் தண்ணீர் வரும் ராத்திரியில் டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பில் நடந்தவருக்குத் தெரியும். முறை நம்முடையது, நேரம் நம்முடையது, ஆனால் மேலே மடையில் யாரோ வைக்கோலையும் சேற்றையும் வைத்து அடைத்திருப்பார்கள். முறை போட்டால் மட்டும் போதாது, காவலுக்கு ஆள் வேண்டும். ஸ்ட்ராஸ்பர்க்கில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. தீர்ப்போடு வேலை முடிவதில்லை. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு, தோற்ற அரசு செய்து முடிக்கும்வரை கோப்பை மூடுவதில்லை. நமக்குக் காவிரி மேலாண்மை ஆணையம் 2018 ஜூன் 1-ல் வந்தது. ஐரோப்பாவிடமிருந்து நாம் கற்க வேண்டியது இந்த விடாப்பிடிதான். அந்த ஆணையத்தைக் கேள்வி கேட்கும் பொறுப்பு நம்முடையது.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதாரண மழை வருடத்தில் பிலிகுண்டுலுவுக்கு வர வேண்டிய கணக்கு இது: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி. வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மாதக் கடைசியில் வந்த தண்ணீரைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.