உத்திரம் பார்த்து விளக்கு

மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்காரர்கள் சாப்பாட்டு அறைக்குச் சரவிளக்கு வாங்கக் கிளம்பினால் கடைக்காரரைத்தான் யோசனை கேட்கிறார்கள். கேட்க வேண்டியது கூரையை. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் இறுக்கிய கூரை அது. கட்டைகளுக்கு நடுவே துளை போட்டால் விளக்கு நிற்காது. சாம்பாரில் காரை விழும். ஆகவே விளக்கு கட்டையைத் தேடிப் போகும், மேஜை விளக்கைத் தேடிப் போகும்.

நல்ல கட்டையிலோ மின்விசிறி பட்டா வாங்கி உட்கார்ந்திருக்கும். அதன் இறக்கைக்கு மேலே விளக்கைப் போட்டால் இட்லி விட்டுவிட்டுத் தெரியும்.

மேஜைக்கு மேல் 30 முதல் 36 அங்குல உயரத்தில் தொங்கவிடச் சொல்கிறார்கள் அலங்கார நிபுணர்கள். நின்றுகொண்டு எட்டிப் பரிமாறும் அத்தையின் நெற்றியை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் நிறத் தகராறு. பழைய தேக்குக்கு 2700 கெல்வின் மஞ்சள்தான் அழகு என்பாள் பேத்தி. “அழுது வடியுது” என்று தள்ளிவிட்டு, 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டைச் சுவரில் மாட்டச் சொல்வார் தாத்தா. “அழகு கிடக்கட்டும், மீன் முள் தெரிய வேண்டாமா?”

இதற்குப் பதில் எந்த நிபுணரிடமும் இல்லை.