செம்பனை லோரியின் மூச்சுக்குழல்: ஒரு தத்துவ விசாரணை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் பழைய டீசல் லோரிகளின் சுவாசம் குறித்து அறிஞரிடையே மூன்று தரிசனங்கள் நிலவுகின்றன. ஆய்வுக்களம், பகாவிலிருந்து ரந்தாவ் வரையுள்ள ஒட்டுக்கடைகள். சான்றுகள் வாய்மொழியே, தே தாரிக் ஆறுவதற்குள் மாறக்கூடியவை.

முதலாவது துளைவாதம். ஃபில்டர் பெட்டியில் டிரில்லால் ஓட்டை போட்டால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்பது மூலசூத்திரம். எத்தனை ஓட்டை என்பதில் உட்பிரிவுகள் உண்டு; அதில் இறங்கினால் கட்டுரை கரைசேராது. இரண்டாவது துறவுவாதம்: ஃபில்டரையே கழற்றி எறிதல். மூன்றாவது குழல்வாதம்: கேபினுக்குப் பின்னால் பிவிசி குழாயைக் கூரைக்கு மேல் தூக்கி நிறுத்துதல்.

டர்போ இல்லாத நான்கு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 4,000 லிட்டர் வரை காற்று குடிக்கும். இதைக் கேட்டதும் துளைவாதி, "பாத்தீங்களா!" என்பார். அவசரப்படுகிறார். அவர் போட்ட ஓட்டை இழுப்பது கேபினுக்கடியில் வெந்துகிடக்கும் காற்றை. 35 டிகிரிக் காற்றுக்குப் பதில் 65 டிகிரிக் காற்று நுழைந்தால் லிட்டருக்கு லிட்டர் எடை ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறையும். டீசல் அதே அளவில் பாயும், புகை கறுக்கும். அந்தக் கறுப்பைப் 'பவர்' என்று வாசிப்பது இத்துறையின் பழம்பெரும் பாடபேதம். ஆறு மாதத்துக்கொரு முறை வரும் புஸ்பகோம் பரிசோதனைக்கு முன்தினம் இவர்கள் ஓட்டைக்கு டேப் ஒட்டுவதைக் கொள்கை நெகிழ்வு என்றே கொள்ள வேண்டும்.

துறவுவாதத்துக்கு நாம் மறுப்பு எழுதத் தேவையில்லை. செம்மண் புழுதியே ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் எழுதிவிடும். குழல்வாதம் ஓரளவு தேறுகிறது: புழுதி சக்கர மட்டத்தில்தான் அடர்த்தி, மேலே காற்றும் குளிர்ச்சி. பல லோரிகளுக்குக் கம்பெனியே அப்படிக் குழாய் வைத்துத்தான் அனுப்பியது.

ஒரு பட்டறையில் கண்டது. ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, போர்மன் உள்ளே விரலை விட்டு எடுத்தார். நுனியில் செம்மண். "தம்பி, ஃபில்டரத் தாண்டி மண்ணு வரலாமா?" வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், அடைத்த ஃபில்டர் மூன்றையும் மாற்றினார். லோரி குலையோடு மேடு ஏறியது, புகையும் இல்லை. டிரைவர் முகம்தான் வாடிவிட்டது. ஹோஸ் வெடிப்பு வழியாக வந்துகொண்டிருந்த உறுமல் போயிற்று. நல்ல ஃபில்டர் பெட்டி காற்று இழுக்கும் ஓசையையும் அடக்கும். எந்தத் தரிசனமும் காதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே, சும்மா ஒரு சின்ன ஓட்டை மட்டும் போடலாமாண்ணே?"