‘விழுந்திருக்கும்’ என்பதில் மகர ஒற்று கெட்ட வரலாறு

தமிழில் ஒளிப்படம் எடுக்கப்படுவதோடு நிற்பதில்லை. அது விழவும் செய்கிறது. ‘படம் நல்லா விழுந்திருக்கு’ என்னும் வழக்கு, படக்காரரின் திறமையையும் கருவியின் விலையையும் ஒதுக்கி வைத்துவிட்டுப் படத்தையே எழுவாயாக்குவதால், தற்பெருமை கலவாத அரிய வழக்குகளில் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. இவ்வினை ஃபிலிம் வழங்கிய காலத்தில் ‘விழுந்திருக்கும்’ என்றும், டிஜிட்டல் காலத்தில் ‘விழுந்திருக்கு’ என்றும் ஒலித்தது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஈற்றில் நின்ற ஒரே ஒரு மகர ஒற்று. ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியதைப் பற்றிப் பேசுவோர் பிக்சலையும் லென்ஸையும் விலையையும் எண்ணிக்கொண்டிருக்க, இவ்வொற்று எங்கே போயிற்று என்று தேடுவோர் இல்லாமையால், அக்குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டது தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய். நாயக்கர் காலத்துப் போரால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற தோப்பூர் கல்லணைப் பக்கத்து ஊர் என்பதும், இத்தொப்பூருக்கு அப்போரில் பங்கில்லை என்பதும் முதலில் சொல்லிவைக்க வேண்டியவை. இங்கே நடப்பவை வேறு வகைப் போர்கள். அவற்றைப் பழைய 7ஆம் எண், இன்றைய 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இறக்கத்தில், இரட்டைப்பாலத்தருகே, பிரேக் பிடிக்காத லாரிகள் நடத்துகின்றன. சாலையை விட்டு விலகி, ஓமலூரிலிருந்து தருமபுரி வழியாகப் பெங்களூரு நோக்கி ஏறும் ரயில்பாதை இதே மலையிடுக்கில் வளைந்து வளைந்து செல்கிறது. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்னும் பழைய இலக்கிய வழக்குக்குச் சித்திரை மாதத்துத் தொப்பூரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. வளைவும் ஏற்றமும் காடும் ஒன்றாக வாய்த்ததால், ரயிலைப் படமெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் சேலத்திலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஏறும் வண்டி மெதுவாக வரும், வளைவில் முழு நீளமும் தெரியும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

‘பொழுதுபோக்குப் படக்காரர்’ என்னும் சொல்லையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோ வைத்திருப்பவர் படம் எடுத்துக் காசு வாங்குபவர். பொழுதுபோக்குப் படக்காரர் காசு கொடுத்துப் படம் எடுப்பவர். முன்னவர் கல்யாண ஆர்டர் கைநழுவும் என்ற அச்சத்தால் ஒரே முகூர்த்த காலத்தில் டிஜிட்டலுக்கு மாறிவிட்டார். அதில் ஆராய ஒன்றுமில்லை. பின்னவருக்கு மாறவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாதிருந்தும் மாறினார் என்பதாலேயே அவர் ஆய்வுக்கு உரியவராகிறார்.

இனி ஃபிலிம் காலம். 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் கொண்ட 36 கட்டங்கள் அடங்கியது ஒரு ரோல். இருட்டான மூலையில், சட்டைத் துணியால் கேமராவை மறைத்துக்கொண்டு, நுனியைச் சிக்கனமாக மாட்டினால் 37ஆவது படமும், சிலருக்கு 38ஆவதும் கிடைக்கும். அப்படிக் கிடைத்ததைச் சம்பள உயர்வைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் லேபில் நெகட்டிவை ஆறு ஆறு கட்டங்களாக வெட்டிக் கவரில் போடும்போது, ஆறாறு முப்பத்தாறு போக மிஞ்சும் அந்த 37ஆவது கட்டம் ஒண்டியாக நிற்கும். பெரும்பாலும் அதுவே முதலில் தொலையும். பெட்டிக்குள் ரோல் இருந்த கறுப்பு டப்பாவோ தொலைவதே இல்லை. சாம்பல்நிற மூடியுடன் அது பூசை மாடத்தில் விபூதி வைக்கவும், அஞ்சறைப் பெட்டிக்கு வெளியே தங்கிய பெருங்காயம் வைக்கவும் பயன்பட்டதால், படம் எடுக்காதவர் வீடுகளிலும் ஃபிலிமின் பயன் சென்று சேர்ந்தது. மெமரி கார்டு இத்தகைய உபரி எதையும் சமூகத்துக்குத் தரவில்லை என்பது அதன் மீது வைக்கத்தக்க முதல் குற்றச்சாட்டு.

தொப்பூர் வளைவில் ஷட்டர் தட்டிய கணத்துக்கும் படம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே பல படிகள் இருந்தன. ரோல் முடிய வேண்டும். 11ஆவது படத்தில் நிற்கும் ரோலைக் கழுவக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே எஞ்சிய 25 கட்டங்களுக்கு வீட்டுப் பூனையும் மொட்டை மாடியில் காயும் துணியும் அக்காள் மகனின் காதணி விழாவும் நிரவப்பட்டன. அதன்பின் ‘கழுவுதல்’. இச்சொல் பாத்திரத்துக்கும் பாவத்துக்கும் வழங்குவது போலவே ஃபிலிமுக்கும் வழங்கியது. லேபுக்காரர் கணக்கில் அது, வண்ண ஃபிலிமை 37.8 டிகிரி செல்சியஸ் சூட்டில் டெவலப்பர் கரைசலில் 3 நிமிடம் 15 வினாடி வைத்திருப்பதில் தொடங்கும் வேலை. 37.8 என்பது பாரன்ஹீட்டில் 100. மனிதருக்கு வந்தால் ஒரு மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்லும் சூடு. அந்தக் காய்ச்சலில் வெளிப்படுவதுதான் படம். வெள்ளி உப்புத் துகள்களைப் பிடித்துவைக்கும் பசை, விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் என்பதைச் சுத்த சைவ வீடுகளின் பூசையறைப் படங்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளாமல் இருந்தது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இத்தனை படிகளுக்கும் நடுவே நண்பர் கேட்பார்: ‘அண்ணே, அந்த வளைவுல எடுத்தீங்களே, எப்படி?’ விடை ஒன்றே: ‘நல்லா விழுந்திருக்கும்.’ இலக்கணிகள் இதைச் செய்யும் என்னும் வாய்பாட்டு முற்று என்பர். எதிர்காலம் காட்டும் உருவம், இறந்தகாலத்தில் நடந்து முடிந்த ஒன்றைக் குறித்து, நிகழ்காலத்தில் நம்பிக்கை தெரிவிக்கிறது. முக்காலமும் ஒரு சொல்லில் கூடிய இந்நிலையில்தான் படக்காரர் வாரக்கணக்கில் வாழ்ந்தார். அந்த நாட்களில் அவர் எடுத்த படங்கள் அனைத்தும் நல்ல படங்களாகவே இருந்தன என்பதை மறக்கலாகாது.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாய் அமைந்த ஒளியின் அளவையும் கணக்கிடலாம். ஓடும் ரயிலை நிறுத்திப் பிடிக்க 500இல் ஒரு பங்கு வினாடி ஷட்டர் வேகம் என்று கொண்டால், 36 படத்துக்கும் சேர்த்து ஃபிலிம் வெளியுலகைப் பார்த்த நேரம் 0.072 வினாடி. ஒரு முறை கண் சிமிட்டுவதற்கே இதைவிடக் கூடுதலாக ஆகும். அவ்வளவு குறைவாகப் பார்த்த ஒன்றைப் பற்றி அவ்வளவு நீளமாகப் பேச முடிந்தது.

மாற்றம் வெளியூரில் தொடங்கியது. ஃபிலிம் விற்றே வளர்ந்த கோடாக் நிறுவனத்தில் 1975இல் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ எடையுடன், 10,000 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. ஒரு கேசட்டுக்கு 30 படம் என்று அவர் வைத்தது, ஃபிலிம் ரோல்களில் வழங்கிய 24 படத்துக்கும் 36 படத்துக்கும் இடைப்பட்ட எண் என்பதால். ஃபிலிமை ஒழிக்கப் பிறந்த கருவியும் ஃபிலிமின் எண்ணை வணங்கித்தான் பிறந்தது. 2003இல் வந்த கேனானின் 6.3 மெகாபிக்சல் 300டி, லென்ஸ் மாற்றும் வகை டிஜிட்டல் கேமராவை அமெரிக்காவில் 1,000 டாலருக்குக் கீழே இறக்கிய பிறகே பொழுதுபோக்குக்காரர் கண்ணுக்கு அது எட்டியது. 2009இல் கோடாக் தன் கோடாக்ரோம் ஃபிலிமை நிறுத்தியது. 2012 ஜனவரியில் அந்நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றப் படியேறியது. 1960இல் தொடங்கப்பட்டு ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் தந்த ஊட்டியின் அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடப்பட்டது. கழுவுவதற்கு லேப் இல்லாத ஊரில் ரோல் போட்டுப் பயனில்லை என்ற நிலை வந்தபோது, கொள்கைப் பிடிப்புள்ள படக்காரரும் மாறினார்.

புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரம் சொல்லப்படும். ஃபிலிமும் டிஜிட்டலும் புணர்ந்தபோது தோன்றியது கேமராவின் முதுகில் ஒரு சிறு திரை. திரிந்தவை பல, குறிப்பாக லென்ஸின் பார்வை. பல டிஜிட்டல் கேமராக்களின் உணர்தகடு ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறியதாகையால், வளைவு முழுவதையும் அடக்கிய 28 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 42 மி.மீ. போலச் சுருங்கிப் பார்த்தது. பின்னால் நகர்ந்தால் சரியாகும் என்று கையேடுகள் கூறும். தொப்பூரில் பின்னால் இருப்பது முட்புதரும் சரிவும். ஒளியளவிலும் திரிபு நேர்ந்தது. நெகட்டிவ் ஃபிலிமுக்குச் சற்றுக் கூடுதலாக ஒளி கொடுத்தால் தாங்கும். டிஜிட்டல் தாங்காது, வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இருபது ஆண்டு பழகிய கை, நல்லெண்ணத்தில் ஒளியைச் சற்றே கூட்டிக் கொடுத்ததால் தொப்பூர் மலைக்கு மேல் வானமே இல்லாத படங்கள் ஒரு பருவம் முழுக்க விழுந்தன.

கெட்டது மகரம்: படத்தை உடனே திரையில் பார்க்க முடிந்ததால் ‘விழுந்திருக்கு’ என்றே சொல்ல முடிந்தது. இனி நிகழ்ந்ததைத் ‘தலைகுனிவு’ என்னும் சொல்லால் குறிக்கலாம். இங்கு அது இழிவை அன்று, படம் எடுத்தவுடன் திரையைப் பார்க்கக் கழுத்து முன்வளையும் உடல்நிலையைக் குறிக்கும். 20 பெட்டியும் எஞ்சினும் சேர்ந்த வண்டி சுமார் 450 மீட்டர் நீளம், ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால், அது ஓரிடத்தைக் கடக்க ஏறக்குறைய 40 வினாடி ஆகும். ஒரு குனிவு 3 வினாடி என்றால் அதற்குள் 33 மீட்டர், அதாவது ஒன்றரைப் பெட்டி போய்விடும். நான்கு குனிவுக்கு ஆறு பெட்டி. ஃபிலிம் காலத்தில் படம் இரண்டே எடுத்தாலும் கடைசிப் பெட்டியின் பின்னால் கார்டு அசைக்கும் பச்சைக் கொடிவரை பார்த்து நின்றவர், இப்போது நாற்பது படம் எடுத்துவிட்டு வண்டியில் மொத்தம் எத்தனை பெட்டி என்று கேட்டால் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். சாசனின் கேமராவோடு ஒருவர் இங்கே நின்றிருந்தால், பதிய 23 வினாடியும் தொலைக்காட்சித் திரையில் காட்ட மேலும் கொஞ்ச நேரமும் போவதற்குள் வண்டி இதே பாதையில் உள்ள முத்தம்பட்டிப் பக்கம் திரும்பியிருக்கும்; அவர் வேறு வழியின்றி நிமிர்ந்து நின்று முழு ரயிலையும் பார்த்திருப்பார்.

ஆயினும் மகரம் அடியோடு கெட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். உணர்தகட்டின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரே ஒரு நிறத்தை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கருவி கணக்கிட்டு நிரப்புகிறது. எனவே திரையில் தெரியும் படத்தின் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். ‘இந்த இடத்தில் சிவப்பு இவ்வளவு விழுந்திருக்கும்’ என்று கேமராவின் வயிற்றுக்குள் ஒரு சில்லு ஒவ்வொரு புள்ளிக்கும் சொல்லிக்கொண்டிருக்க, வெளியே மனிதர் ‘விழுந்திருக்கு’ என்று அறுதியிட்டுச் சொல்கிறார். மகரம் இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. திரையில் கூர்மையாகத் தெரிந்த படத்தை வீட்டுக்குப் போய்ப் பெரிதாக்கும்போது, ஃபோகஸ் எஞ்சினில் இல்லாமல் இப்பாதை மின்மயமானபோது நட்ட கம்பத்தில் நிற்பதைக் கண்டு அவர் மௌனமாவது வேறு.

மற்றோரிடத்திலும் மகரம் மீண்டும் தோன்றியிருக்கிறது. பத்தாண்டுக்கு முன் டீசல் எஞ்சின் கரும்புகை கக்கி ஏறியதை எடுத்தீர்களே, அந்தப் படம் எங்கே என்று இன்று கேட்டால் கிடைக்கும் விடை: ‘ஹார்ட் டிஸ்க்ல எங்கயாவது இருக்கும்.’ எந்த ஹார்ட் டிஸ்க், அதைத் திறக்கும் வயர் எது, 9999க்குப் பின் மறுபடி 0001 என்று எண்ணத் தொடங்கிய கேமராவில் ஒரே பெயரில் உள்ள இரண்டு கோப்புகளுள் எது தொப்பூர் என்பவை விடையில் அடங்கா. ‘விழுந்திருக்கும்’ இருந்த இடத்தில் ‘இருக்கும்’ வந்து அமர்ந்திருப்பதை இவ்வாய்வின் முடிபாகக் கொள்ளலாம்.

தொப்பூர் வளைவில் மின்கம்பங்கள் வருவதற்கு முன் எடுத்த நெகட்டிவ்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மழை தொடங்குமுன் அவற்றை ஒருமுறை வெளியே எடுத்து, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றி, டப்பாவின் மேல் ஊரும் ஆண்டும் எழுதி ஒட்டி வைக்கவும்.