கோடியக்கரைக்கு வரும் துந்திரா பிள்ளை

கேள்வி: ஆர்க்டிக் குளிரில் பறவைகளுக்குக் கால் விறைத்துப் போகாதா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: நேரிலேயே கேட்கலாமே! சம்பா கதிர் முற்றும் மாதங்களில் கோடியக்கரைக்குப் போங்கள். சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் கொசு உள்ளான், ஒரு எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இல்லாதது, ஆர்க்டிக் துந்திராவில் பிறந்த பிள்ளை. குளிருக்கு அதன் பதில் இரண்டு: காலில் ஒன்று, சிறகில் ஒன்று. காலுக்கு இறங்கும் சூடான இரத்தம், பக்கத்திலேயே மேலேறும் குளிர்ந்த இரத்தத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடும். பாதம் சில்லிட்டாலும் உடம்புச் சூடு வீணாகாது. சிறகின் பதில் இது: துந்திராவில் நிலம் உறைந்து பூச்சி, புழு அற்றுப்போவதற்கு முன்பே கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு தெற்கே பறந்துவிடும். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். சேற்றில் இறங்கி உள்ளானை விரட்டாதீர்கள்; திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை அங்கேதான் சேர்க்கிறது.