ஒன்பது கோடு ஜீப்புக்கு எத்தனை லட்சம்?

வாசகர் கேள்விகள், இந்த வாரம் பழைய ராணுவ வண்டிகள்

கேள்வி: தாத்தா ஏலத்தில் எடுத்த மிலிட்டரி ஜீப் எங்கள் களத்துமேட்டில் பல வருஷமாக நிற்கிறது. அதைச் சரிசெய்கிற செலவில் புது காரே வாங்கிவிடலாம் என்கிறார் மச்சான். நீங்கள் யார் கட்சி? (ஒரு வாசகி, பள்ளிப்பட்டு)

பதில்: கணக்கில் மச்சான் கட்சி, மற்ற எல்லாவற்றிலும் உங்கள் கட்சி. போட்ட பணம் திரும்பி வரும் என்று யார் ஆசை காட்டினாலும் நம்பாதீர்கள். முதலில், நிற்பது எந்த வண்டி என்று பாருங்கள். முன்பக்க கிரில்லில் செங்குத்தாக உள்ள திறப்புகளை எண்ணுங்கள். ஒன்பது என்றால் இரண்டாம் உலகப் போர்க்கால வண்டியாக இருக்கலாம். ஏழு என்றால் போருக்குப் பிந்தைய மாடல். கிரில்லை இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். அதனால் குனிந்து, சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. அவற்றில் ஒன்று உங்கள் களத்துமேட்டில் நின்றால், காயலான் கடைக்காரர் எடை போடும் பேச்சை எடுத்தவுடன் வாசல் வரை வழியனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எந்த வேலைதான் பணத்தை விழுங்கும்? பெயின்ட்டா, டிங்கரிங்கா? (பொதட்டூர்பேட்டை வாசகர்)

பதில்: அவசரம்தான். பலரும் பெயின்ட்டில் தொடங்கி இன்ஜினில் மாட்டிக்கொள்கிறார்கள். வரிசை இதுதான்: ஆர்.சி. புக், சேசிஸ், பிரேக், இன்ஜின், வயரிங், பாடி. பெயின்ட் கடைசி.

வில்லிஸ் இன்ஜின் 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பக்கவாட்டில் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். ஹெட்டைக் கழற்றினால் தட்டையான ஒரு மூடி மட்டும்தான் கையில் வரும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டலாம். அதற்கும் இடமில்லாவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம். இது நல்ல லேத் பட்டறை செய்யக்கூடிய வேலை. கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை, காது தெரிந்த மெக்கானிக் போதும்.

வயரிங்கில் கவனம் வேண்டும். போர்க்கால ஜீப்புக்கு 6 வோல்ட் மின்சாரம். இன்றைய வண்டிக்குப் போடும் மெல்லிய பேட்டரி கேபிளைப் போட்டால் ஸ்டார்ட்டர் முனகுமே தவிர சுற்றாது. தடித்த கேபிள் போட்டு, எர்த் படும் இடத்தைத் துருவும் பெயின்ட்டும் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன. கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் சொல்லி வாங்கிய பாகம் பாதி நேரம் பொருந்தாது.

கேள்வி: பெட்ரோல் கட்டுப்படியாகாது, டீசல் இன்ஜின் மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (ஆர்.கே.பேட்டை வாசகர்)

பதில்: வண்டி உழைக்கப் போகிறதா, வரலாறு சொல்லப் போகிறதா? அதை முடிவு செய்யுங்கள். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் டீசலில் மலை ஏறுகின்றன. அவை மதிப்புக்குரிய உழைப்பாளிகள். அவற்றைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வரலாற்று வண்டி வேண்டுமென்றால் இன்ஜினைத் தொடாதீர்கள். 2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும்; நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த நம்பரோடு தினமும் சந்தைக்கும் வயலுக்கும் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி.

கேள்வி: நகரியில் ஒரு பழைய ஜீப் விலைக்கு வருகிறது. ஆந்திரா நம்பர். எல்லை தாண்டினால் தொல்லையா? (பள்ளிப்பட்டு வாசகர்)

பதில்: காகிதம் இருந்தால் தொல்லையில்லை. அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி நம்பர் மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கக் கூடாது. ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஒன்றில்லை என்றால், ஜீப் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ல்தான் பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிகள் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு முன் பதிவான வண்டி, நின்ற இடத்தைவிட்டு நகராமலே மாநிலம் மாறியிருக்கும். வீட்டில் பழைய ரசீதுகள் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். வண்டியின் பாதி மதிப்பு அவற்றில்தான்.

கேள்வி: மிலிட்டரி பச்சை அடிக்கலாமா? (திருத்தணி வாசகர்)

பதில்: கூடாது. ராணுவத்துக்குச் சொந்தமல்லாத வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்க மோட்டார் வாகன விதி 121 தடை செய்கிறது. அந்த நிறம் சீருடையைச் சேர்ந்தது. சேவையில் இருப்பவர்களுக்கே விட்டுவைப்போம்.

கேள்வி: ஜோங்கா வாங்க ஆசை. சரிதானே? (அரக்கோணம் வாசகர்)

பதில்: ஆசை சரி, மைலேஜ் சரியில்லை. நிசான் கம்பெனியின் வடிவமைப்பில் ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலை செய்த வண்டி அது. கிட்டத்தட்ட 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 1999-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. சொந்தமாக பெட்ரோல் பங்க் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் செய்த விஜயந்தா டாங்கிகள் பல இடங்களில் காட்சிக்கு நிற்கின்றன. அவற்றை மறுபடி ஓட வைப்பது வீண் செலவா? (ஆவடி வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் ஓட வைப்பது வீண். ஒன்றைக்கூட ஓட வைக்காதது நஷ்டம். 1965-லிருந்து ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் நம் தொழிலாளர்கள் செய்த, கிட்டத்தட்ட 39 டன் இரும்பு அது. அதன் லேலண்ட் இன்ஜின் எழுப்பும் சத்தத்தை நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். 1943-ல் துனீசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டைகர் டாங்கியை இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகம் இன்றும் ஓட்டிக் காட்டுகிறது.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. மீட்கும் செலவு ஒருமுறை, காக்கும் செலவு வருஷாவருஷம். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 1997-ல் ஓய்வுபெற்று மும்பையில் அருங்காட்சியகமானது. பராமரிக்க முடியாமல் 2012-ல் மூடி, 2014-ல் உடைப்பதற்கே விற்றார்கள். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்த டி.யூ.-142 விமானம் 2017 மார்ச்சில் ஓய்வுபெற்றது. அதே வருஷம் டிசம்பரில் விசாகப்பட்டினம் கடற்கரையில் மக்கள் ஏறிப் பார்க்கும் காட்சிப்பொருளாகிவிட்டது. யார் காப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தால் வண்டி பிழைக்கும்.

கேள்வி: கடைசியாகக் கேட்கிறேன், இந்தச் செலவு தகுமா, தகாதா? (முதல் கேள்வி கேட்ட வாசகியின் மச்சான்)

பதில்: வாங்க மச்சான்! மீட்ட பிறகு மாதம் ஒரு தடவையாவது ஓட்டப்போகிறீர்கள் என்றால் தகும். பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தத்தான் என்றால் தகாது. நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் இறுகும், போட்ட பணம் மறுபடி துருவாகும்.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கார்பரேட்டரையும் பாயின்ட்டையும் காதாலேயே செட் செய்யத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களுடைய வித்தை எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. ஜீப்பை அப்படி ஒருவரிடம் விடுங்கள். லீவு நாளில் உங்கள் பையனையோ பெண்ணையோ ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு அங்கே அனுப்புங்கள். செலவுக் கணக்கில் அதையும் வரவாக எழுதுங்கள்.