சாவிக்கொத்து சார்

சாவிக்கொத்து சார் மாடியிலிருந்து கிளம்பும்போதே கீழே எங்களுக்குத் தெரிந்துவிடும். கலகலவென்று ஓசை முதலில் வரும், சார் பின்னால் வருவார். ரிடையர் ஆனவர், எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரி, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ரசத்தில் குறை கண்டுபிடிப்பவர். அதையெல்லாம் விட்டுவிடலாம். பேச வேண்டியது அந்தக் கொத்தைப் பற்றி.

அதை அவர் ‘கார் சாவி’ என்கிறார். கார் சாவி அதற்குள் எங்கோ இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே பீரோ சாவி, பீரோவுக்குள் இருக்கும் லாக்கரின் சாவி, கேட் சாவி, லெட்டர் பாக்ஸ் சாவி, எப்போதோ விற்றுவிட்ட ஸ்கூட்டரின் சாவி, ரிடையரான அன்று ஆபீஸில் ஒப்படைக்க மறந்த மேஜை டிராயர் சாவி. நடுநாயகமாக, விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அது திண்டுக்கல் பூட்டினுடையது. 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தனக்கே பத்மஸ்ரீ கொடுத்த மாதிரி எல்லோரிடமும் அந்தச் சாவியைத் தூக்கிக் காட்டினார். பூட்டு மாட்டியிருந்த ஊர் வீட்டை விற்றாயிற்று. வாங்கினவர் அதை இடித்து மாடி கட்டிவிட்டார். சாவி மட்டும் செகந்திராபாத் திருமுல்கேரியில் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

சாவிகள் போதாதென்று தொங்கல்கள் வேறு: பித்தளையில் திருப்பதி பெருமாள், ஸ்கந்தகிரி கோயில் வாசலில் வாங்கிய வேல், நகவெட்டி, எரியாத டார்ச், பாட்டில் ஓப்பனர். சார் மோர் தவிர வேறெதையும் தொட்டதில்லை. லால் பஜார் மளிகைக்கடைத் தராசில் ஒருநாள் அவர் கொத்தை வைத்துவிட்டுப் பணம் எண்ணினார். 310 கிராம் காட்டியது. கடைக்காரர் பழக்க தோஷத்தில் கவர் எடுத்தார்.

கண்டோன்மென்ட் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்தவருக்குப் பூட்டின் மேல் பக்தி வருவது நியாயம்தான். இங்கே ராணுவம் ரோட்டுக்கே கேட் போட்டுச் சாத்தி வைத்திருந்த காலம் உண்டு. 2018 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் திறக்கச் சொல்லும்வரை எத்தனை பேர் சுற்றிச் சுற்றிப் போனோம்! சாருக்கு அந்தக் கேட்டுகள் மேல் கோபமே கிடையாது. ஒரு டூப்ளிகேட் சாவியைத் தன்னிடம் கொடுத்து வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும்தான்.

இந்த 310 கிராமும் ஸ்டீயரிங்கின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரத்தை நம்பித் தொங்குகிறது. ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கும்போது கொத்தும் ஒரு ஆட்டம் ஆடி, சாரின் முழங்காலில் மோதித் திரும்பும். சாவித் துவாரத்துக்குக் கீழே பிளாஸ்டிக்கில் பிறை வடிவத்தில் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். வேலும் பெருமாளும் சேர்ந்து செதுக்கியது. பார்த்த மெக்கானிக் பாய் கையெடுத்துக் கும்பிட்டார்: “இத்தா வஜன் நக்கோ, சாப்.” இவ்வளவு கனம் வேண்டாம் என்று அர்த்தம்.

சார் மசியவில்லை. “வண்டி முக்கால் டன் இருக்கு பாய். கால் கிலோ சாவி அதை என்ன பண்ணிடும்?”

முக்கால் டன்னைச் சுமப்பது டயர். கால் கிலோவைச் சுமப்பது பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங். நாள் முழுக்கக் கொத்து சாவியைக் கீழே இழுத்துக்கொண்டு ஆடினால் தகடும் தேயும், சாவியின் பல்லும் தேயும். முதலில் சாவி திரும்ப அடம்பிடிக்கும். அப்போது பென்சில் கரியைச் சுரண்டித் துவாரத்தில் ஊதுவார்கள், சாரும் ஊதினார். பிறகு எந்தப் பக்கமும் திரும்பும். கடைசிக் கட்டத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவி எடுத்துவிடலாம். சார் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தீங்களா, வண்டி ஓடுது, சாவி என் கையில! புது வண்டியில வருமா இது?”

எல்லாக் காரிலும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். பூட்டும் ஸ்விட்சும் ஒழுங்காகச் செய்திருந்தால் பல வருஷம் தாங்கும். ஒழுங்காகச் செய்யாத கதை அமெரிக்காவில் நடந்தது. 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற வண்டிகளில் முதல் சுற்றிலேயே சுமார் 26 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. கனமான கொத்து தொங்கினாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடுகிற வண்டியில் சாவி தானாகப் பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், மோதினால் ஏர்பேக் விரியாது. 124 சாவுகளுக்கு நஷ்டஈட்டு நிதி பொறுப்பேற்றது. மறுவருஷம் குற்ற வழக்கை முடிக்கக் கம்பெனி 90 கோடி டாலர் கட்டியது. இத்தனைக்கும் 2005-லேயே டீலர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்: வாடிக்கையாளரைக் கொத்திலிருந்து தேவையில்லாததைக் கழற்றச் சொல்லுங்கள் என்று. ஸ்விட்சை மாற்றுவதைவிட ஜனங்களின் சாவிக்கொத்தைத் திருத்துவது சுலபம் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் சாரைத் தெரியாதவர்கள்.

அந்த ஸ்விட்சைத் திருப்பக் குறைந்தது 15 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவைப்பட வேண்டும் என்பது அவர்களே போட்ட கணக்கு. இருந்தது அதற்கும் வெகு கீழே. சாரின் 310 கிராம், சாவியின் நடுவிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் ஏழரைக்கு மேல் வருகிறது. இது வண்டி நிற்கும்போது. குலுக்கலில் இன்னும் ஏறும். சாவித் தலையில் நீளமான ஓட்டை இருந்தால் வளையம் ஓரத்துக்கு நகர்ந்து நெம்புகோல் மாதிரி நெம்பும். அதையே சின்ன வட்ட ஓட்டையாக்கினால் நெம்ப இடமிருக்காது. பிற்பாடு வேறு பல லட்சம் கார்களுக்குக் கம்பெனி செய்த வைத்தியம் இவ்வளவுதான்.

இதையெல்லாம் பேப்பரில் படம் போட்டே சாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது அமெரிக்கா வண்டி” என்றார்.

நல்ல மனுஷர், அதையும் சொல்ல வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்த பெண்மணியின் கதவு காற்றில் அறைந்து பூட்டிக்கொண்டபோது, லுங்கியோடு ஓடி வந்தது அவர்தான். கொத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மேஜை டிராயர் சாவிக்குக் கதவு திறந்தது. பால் தப்பித்தது. அந்த வீட்டுக்காரர் மறுநாளே பூட்டை மாற்றினார், அது வேறு விஷயம்.

ஆனால் தண்ணீர் மோட்டார் ரூம் சாவி விவகாரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவும் அந்தக் கொத்தில்தான் இருக்கிறது. கார் சர்வீசுக்குப் போனால் எங்கள் தண்ணீரும் சர்வீசுக்குப் போகிறது. முன்பின் தெரியாத பையன் கையில் அவர் வீட்டு லாக்கர் சாவி உட்பட அத்தனையும் நாள் முழுக்கக் கிடக்கிறது, கேட்டால், “கார் சாவி கொடுக்காம எப்படி சர்வீஸ் பண்ணுவான்?” கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போனபோது கொத்தும் வலம் போனது. இங்கே மேல் டேங்க் காலி. குடம் குடமாகப் படியேற்றினோம், காசு போட்டு டேங்கர் வரவழைத்தோம். போனில் பிடித்து, “சார், மோட்டார் ரூம் சாவி?” என்றால், “பத்திரமா என்கிட்டதான் இருக்கு, கவலையே படாதீங்க” என்கிறார். வாட்ச்மேனிடம் ஒரு டூப்ளிகேட் கொடுங்கள் என்றால் செக்யூரிட்டி போய்விடுமாம். மெயின்டெனன்ஸ் பணம் எல்லோரும்தான் கட்டுகிறோம். சாவி ஒருவர் இடுப்பில்.

கடைசியில் கார்ப் பூட்டு ஒரேயடியாகக் கையை விரித்தது. பூட்டை மாற்றுவதற்குப் பதில் பிள்ளை புது வண்டியே வாங்கிக் கொடுத்துவிட்டான். துவாரமே இல்லை, பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். பாடம் படித்துவிட்டார் என்று நம்பினோம். ரிமோட்டில் அந்தப் பழைய வளையத்தை அப்படியே மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இனிமே எவ்வளவு வெயிட் இருந்தாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, இல்லையா?”

போன வாரம் மொட்டைமாடிக் கதவுச் சாவியும் அதில் ஏறிவிட்டது. வடாம் பிழிய வேண்டுமென்றால் சார் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.