ஆரம்பசூரர்

வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையை விட்டுத் திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயிலுக்குத் திரும்பும் பாதையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப் போர்ஷனில் வாசம் செய்யும் ஆரம்பசூரரைத் தரிசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுண்டு: அங்கே உட்கார இடம் கிடைக்காது. நாற்காலிகள் இல்லாமல் அல்ல; ஒன்றில் பிராத்மிக் பரீட்சைக்கென்று வாங்கி முதல் பாடத்தோடு நின்றுபோன இந்திப் புத்தகங்களும், இன்னொன்றில் மாடித் தோட்டத்துக்காக வந்திறங்கிய தென்னைநார்க் கழிவும் விதைப் பொட்டலங்களும், மூன்றாவதில் பழுது பார்க்கப் பிரித்து, பிரித்த உற்சாகத்திலேயே மனம் நிறைந்து கைவிடப்பட்ட மிக்சியும் முன்னமே ஆசனம் கொண்டுவிட்டன. ஜன்னல் கம்பிகளில் சரிபாதி பச்சை வர்ணத்தில் பளபளக்க, மறுபாதி துருவோடு காத்திருப்பதைப் பார்த்து, "ஏன் சார் இப்படி?" என்று நீங்கள் கேட்டுவிட்டால், இரும்பு துருப்பிடிக்கும் ரசாயனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வெகு அழகாக விளக்குவார், அந்த ஒரு மணியில் மறுபாதியையும் பூசி முடித்திருக்கலாமே என்பது உங்களுக்கும் தோன்றும், அவருக்கும் தெரியும்.

அவரைச் சோம்பேறி என்று சொல்லுகிறவர்கள் சோம்பலின் லட்சணத்தை அறியாதவர்கள். உண்மையான சோம்பேறி பாக்கியசாலி. வேலையைத் தள்ளிப்போட்ட மறுகணமே அவனுக்குக் குறட்டை வந்துவிடும். நம் ஆரம்பசூரரோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவதென்று சங்கற்பம் செய்துகொண்டால், அதை எழுதவும் மாட்டாமல், எழுதாத வேளையில் வேறொரு சுகத்தை அனுபவிக்கவும் மனம் வராமல், இரவு வரை அந்தக் கடிதத்தின் எதிரிலேயே காவல் இருந்து, களைத்துப் படுக்கிறவர். பத்துக் கடிதம் எழுதுகிறவனுக்குக்கூட அவ்வளவு அயர்ச்சி வராது.

ஜீவனத்துக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் உத்தியோகம். சாவிக்காக ஒரு முறையும், ஹெல்மெட்டுக்காக ஒரு முறையும், கதவைப் பூட்டினோமா என்ற ஐயத்துக்காக ஒரு முறையும் மாடியேறி இறங்கி, அயனம்பாக்கம் வழியாகப் போவதா வானகரம் வழியாகப் போவதா என்று தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஆலோசித்து, ஒருவாறு புறப்படுவார். தமிழ் இலக்கணம் காலத்தை மூன்றாகப் பகுத்திருந்தாலும், இவருக்கு எதிர்காலம் என்பது மேனேஜர் மேஜையருகே வந்து நிற்கும்போதுதான் முதன்முதலாகப் புலப்படும்.

இந்தச் சுபாவத்துக்கு ஒரு பெயர் உண்டென்பது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயதில் தற்செயலாகத் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பியதன் பேரில் தங்கை தன் மகனை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போக, துணைக்குச் சென்ற இவர், பையனைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தாய் வாய்திறக்குமுன் தாமே முந்திக்கொண்டு பதில் சொன்னார். பாதிக் கேள்வியில் டாக்டர் பையனை விட்டுவிட்டு மாமனைப் பார்க்கத் தொடங்கினார். ஏ.டி.எச்.டி. என்கிற இது பரம்பரையாக வருவது அதிகம் என்றும், பெரியவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாமென்று கணித்திருக்கிறார்கள் என்றும், கவனம் இல்லாத வியாதி அல்ல, இருக்கிற கவனத்தை வேண்டிய திசையில் திருப்ப முடியாத வியாதி என்றும், மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் பங்கு இதில் உண்டென்றும் அவர் விளக்கினார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதியாம். அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த முன்னேற்ற அட்டைகளில், வருஷத்துக்கொரு வாத்தியார் தவறாமல், பையன் கெட்டிக்காரன், கவனந்தான் போதாது என்று சாட்சி எழுதி வைத்திருந்தார்கள்.

அன்றிரவு ஆபீசுக்கு ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்தவர், விடியும் வரை தம் வியாதியின் சரித்திரத்தை வாசித்தார். ஸ்காட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே இந்தச் சஞ்சலத்தை வர்ணித்ததையும், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் செய்ததையும், அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி தலைவலிக்கென்று பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து அவர்களுடைய பள்ளிப் பாடத்தைச் சீர்திருத்திய வேடிக்கையை 1937-இல் வெளியிட்டதையும், சுவிட்சர்லாந்தில் 1944-இல் பானிசோன் என்ற ரசாயனர் தயாரித்த மருந்துக்கு அவர் மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டியே ரிட்டலின் என்று நாமகரணம் ஆனதையும் மறுநாள் ஆபீசில் எல்லோருக்கும் எடுத்துரைத்தார். அறிக்கையைப் பற்றி மட்டும் பிரஸ்தாபம் இல்லை.

அந்த மருந்தின் வகையைத்தான் அவரும் இப்போது உட்கொள்ளுகிறார்; நல்ல பலன் உண்டு, சாப்பிட வேண்டுமென்ற ஞாபகம் வருகிற நாட்களில். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது அடங்கியிருப்பதால், டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்காது; மறதிக்காரன் தன் மறதிக்கு மருந்து வாங்கச் சீட்டு, தேதி, கடை மூன்றையும் மறக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் வேடிக்கைக்காகச் செய்ததல்லவென்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

உபதேசிகளுக்கும் குறைவில்லை. "கொஞ்சம் மனசு வெச்சா முடிஞ்சிடும்பா" என்பார் எதிர்வீட்டு ரிடையர்டு தாசில்தார். வைக்க வேண்டிய அந்த மனசுதான் கையில் அகப்படவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எந்த டாக்டராலும் ஆகாது. சக ஊழியர் ஒருவர், இருபத்தைந்து நிமிஷம் வேலை, பிறகு சற்று ஓய்வு என்று இத்தாலிக்காரர் ஒருவர் தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து வகுத்த முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதல் இருபத்தைந்து நிமிஷமும் அது ஏன் தக்காளி என்ற ஆராய்ச்சியில் கழிந்தது. அதிலிருந்து கோயம்பேட்டில் தக்காளி விலை என்ன என்பதற்குப் போய்விட்டார்.

கணக்கில் பணம் இருந்தும், மின்வாரிய ஆள் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் போன பிறகே கரண்டு பில் கட்டுகிறவர் அவர். அபராதமாகவும் மறுஇணைப்புக் கட்டணமாகவும் அவர் வருஷந்தோறும் செலுத்துவது எந்தப் பட்ஜெட்டிலும் இடம்பெறாத தனி வரி.

ஆனால் ஊருக்கு ஆபத்து வந்துவிட்டால் அவர் வேறு மனிதர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சந்து முழுவதும் முழங்கால் தண்ணீர் நின்றபோது, பதறாமல், ஒரு வார்த்தை வீணாக்காமல், கீழ்வீட்டு ஆயாவை அவள் அரிசி மூட்டையோடும் ரேஷன் கார்டோடும் மாடிக்கு ஏற்றி, பால் பாக்கெட்டுக்கு ஆள் அனுப்பி, அந்த வரிசையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் மெழுகுவத்தி பங்கிட்டுக் கொடுத்து, இரண்டு நாள் ராஜ்ய பரிபாலனம் செய்தவர் இவரே. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், ஈரமான கால்மிதியை வெயிலில் போடுவதா வேண்டாமா என்ற யோசனையில் பழையபடி ஆழ்ந்துவிட்டார்.

அந்த ஆயாவால்தான் அவருக்கு விமோசனம் கிடைத்தது. ஒருநாள் தன் வீட்டில் கரண்டு இல்லையென்று முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு மாடி மின்விசிறியின் கீழ் வந்து உட்கார்ந்து அவள் ஆய்ந்துகொண்டிருந்தாள்; எதிரே கணிப்பொறியை வெறித்துக்கொண்டிருந்த ஆரம்பசூரர், கீரை ஆய்ந்து முடிவதற்குள் இரண்டு வாரமாகக் கிடந்த வரைபடத்தை முடித்துவிட்டார். ஆயா உதவியும் செய்யவில்லை, மேற்பார்வையும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதே இப்படிப்பட்டவர்களுக்குப் போதும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். பழைய பஜாஜ் ஸ்கூட்டரைச் சற்றே சாய்த்துப் பிடித்தால்தான் உதைக்கு அடங்குவதைப் போல, இவருடைய சங்கற்பத்துக்கும் ஒரு சாய்மானம் தேவைப்பட்டது. அதுமுதல், முக்கியமான காரியமென்றால் கீழே இறங்கி, "ஆயா, இன்னிக்குக் கீரை இருக்கா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. "கீரை இல்ல தம்பி, பூண்டு இருக்குது, உரிக்கட்டுமா?" என்று அவளும் வந்துவிடுவாள். "நீ எழுது, நான் ஒண்ணும் பேசல" என்று ஆரம்பித்து மருமகளின் சரித்திரம் முழுவதையும் சொல்வாள், அதனால் பாதகமில்லை.

2025-இல் ஜூலை 31-ஆம் தேதிக்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செப்டம்பர் 15 வரை நீட்டித்தபோது தேசமே மகிழ்ந்தது. கெடு கழுத்தை நெரித்தாலொழியக் கை அசையாத ஆரம்பசூரர் ஒருவர்தான் துக்கம் கொண்டாடினார். செப்டம்பரும் வந்தது, ஆயாவோ பேத்தியின் பிரசவத்துக்கு ஆவடிக்குப் போய்விட்டாள். ஓ.டி.பி. பார்க்கக் கைபேசியை எடுத்து, அதிலேயே மூழ்கி, பொழுது சாய்ந்து வெளியே வந்தார் என்ற நிலையில் 15-ஆம் தேதியும் கழிய, இன்னும் ஒரே ஒரு நாள் என்று நள்ளிரவை ஒட்டி அறிவிப்பு வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, நாலு பேர் மௌனமாக உட்கார்ந்திருக்கிற இடம் எது என்று தேடி, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் புறநோயாளிகள் கூடத்தில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மத்தியில் மடிக்கணினியை விரித்தார். முக்கால் மணியில் கணக்கு போய்ச் சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், கேஸ் கிடைக்காமல் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்த இறுதியாண்டு மாணவி ஒருத்தி எதிரில் நின்று, "சார், உங்களுக்கு என்ன பிராப்ளம்?" என்று கேட்டாள். அதற்கு விஸ்தாரமாகப் பதில் சொல்லத் தொடங்கியவரின் திறந்த வாயை அவள் பார்த்துவிட்டாள். பல வருஷமாக நாளை நாளை என்று ஒத்திவைத்த கடைவாய்ப் பல் அன்றே அடைக்கப்பட்டது.

"இன்னும் ரெண்டு பல் இருக்கு சார், வியாழக்கிழமை கண்டிப்பா வந்துடுங்க, எனக்கு கோட்டா குறையுது" என்றாள் அந்தப் பெண்.

"வரேம்மா. லேப்டாப்பையும் எடுத்துட்டு வரலாமா?" என்றார் ஆரம்பசூரர்.